பதம்

எங்கள் சைக்கிள் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கம்மாபுரம் ஒன்றிய ஆபீஸுக்குக் கொஞ்சம் தள்ளி, சாலையோரப் புளியமரத்தின் கீழே ஒரு கீற்றுக் கொட்டகை. மரக்கிளையில் தேய்ந்த டயர் ஒன்று தொங்கும், அதுதான் விலாசம். உள்ளே எட்டு வாடகை சைக்கிள்கள், மணிக்கு 50 காசு. மட்கார்டில் சிவப்பு பெயிண்டால் எண் போட்டிருக்கும். ஐந்தாம் நம்பருக்கு பிரேக் சரியாகப் பிடிக்காது. விவரம் தெரிந்தவர்கள் நாலும் ஆறும் வரும்வரை காத்திருப்பார்களே தவிர ஐந்தைத் தொட மாட்டார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பஞ்சர் சட்டியில் தண்ணீர் மாற்றுவது என் வேலை. டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி கிளம்பும் இடத்தில் காப்பியிங் பென்சிலால் வட்டம் போட வேண்டும். அப்பா உப்புத்தாளால் தேய்ப்பார், சொலூஷன் தடவுவார், ஊதி ஊதிக் காயவைப்பார். சொலூஷன் ஈரமாக இருக்கும்போது ஒட்டினாலும் நிற்காது, காய்ந்துபோன பிறகு ஒட்டினாலும் நிற்காது. "பதம் பாத்து ஒட்டணும்டா" என்பார். அப்பாவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதம் உண்டு. மழைக்குப் பிறகு எங்கள் அரை ஏக்கர் கொல்லையில் ஏர் விடுவதற்கு, ஆயா மல்லாட்டை வறுக்கும் வாணலியில் மணல் சூடேறுவதற்கு, என்னை அடிப்பதற்கும்கூட.

1990 ஐப்பசி அடைமழையில் அவர் வந்தார். தலையில் பாலித்தீன் பை, கையில் முகாம் அடையாள அட்டை. கொட்டகைக்குள் ஏறாமல் தாழ்வாரத் தண்ணீர் முதுகில் விழ நின்றுகொண்டே கேட்டார்.

"ஐயா, இஞ்ச ஏதும் வேலை இருக்குமோ?"

அப்பா ரிம்மிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மலையாளமா தம்பி நீ?"

அவர் சிரித்துவிட்டார். "இல்லை ஐயா. யாழ்ப்பாணம்."

அந்த வருடம் ஜூனில் அங்கே சண்டை மறுபடி மூண்டிருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த அலையில் கடல் தாண்டினார்கள் என்பது பின்னால் படித்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்த ஒரே அகதி இவர்தான். மன்னார்க் கரையில் படகு ஏறி, மண்டபத்தில் பதிந்து, அங்கிருந்து குறிஞ்சிப்பாடி முகாமுக்கு வந்திருந்தார்கள். அம்மா, ஒரு தங்கை, இவர். பாதி கட்டிய வலைபோல ஆடிக்கொண்டிருந்த ஒரு பின்சக்கரத்தை அப்பா அவர் கையில் கொடுத்தார். பரீட்சை. அவர் ஸ்போக்ஸைத் தட்டித் தட்டி, காதால் கேட்டு, ஒவ்வொரு நிப்பிளாகத் திருகினார். கால்மணி நேரத்தில் சக்கரம் கோட்டம் இல்லாமல் சுற்றியது.

"எந்தக் கடையில வேல பாத்த?"

"கடையில இல்லை. நான் கம்பஸில படிச்சனான். பௌதிகம், ரெண்டாம் வருசம்."

பௌதிகம் என்றால் எங்கள் பாடப்புத்தகத்து இயற்பியல் என்று அவரே விளக்கினார். அப்பாவுக்கு இரண்டும் ஒன்றுதான். காலேஜ் பிள்ளை எதற்காகச் சக்கரம் கோட்டம் எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. அங்கே பெற்றோல் இல்லை, பஸ் இல்லை, ஊரே சைக்கிளில்தான் போகிறது என்றார். தாயும் குஞ்சும் தகப்பனும் ஒரே சைக்கிளில், மாவு மூட்டை சைக்கிளில், சில வேளை சவப்பெட்டியும் சைக்கிளில். கடைசியாக, இதில் என்ன புதுமை என்கிற குரலில் சொன்னார்: "எங்கட வீசியும் சைக்கிள்லதான் வாறவர்."

வீசி என்றால் துணைவேந்தர். அப்பா உதிரிப்பாகம் வாங்கச் சிதம்பரம் போகிறவர். அண்ணாமலைநகர் வாசலில் துணைவேந்தர் கார் போனதை ஒருமுறை பார்த்தவர். அப்படிப்பட்டவர் சைக்கிள் மிதிப்பதை அப்பா நம்பவில்லை. "ஆள் எளப்பமா இருந்தா ஒங்கூர்ல என்னா வேணாலும் சொல்லுவீங்க" என்று சொல்லிவிட்டு, வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

நான் அவரை அண்ணா என்றேன். அப்பாவுக்குத் தம்பி. ஆயாவுக்குச் சிலோன்காரப் புள்ள. வாரத்தில் ஒருநாள் முகாமுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு அம்மாவைப் பார்த்துவிட்டு வருவார், மற்ற நாளெல்லாம் கடைக்குள்ளேயே படுக்கை. கம்பஸ் எங்கே இருக்கிறது என்று ஆயா கேட்டபோது "திருநெல்வேலியில" என்றார். "அப்ப அல்வா வாங்கியாந்திருக்கலாமில்ல" என்றாள் ஆயா. யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி உண்டு, அங்கே இராமநாதன் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில்தான் 1974இல் பல்கலைக்கழகம் தொடங்கியது என்பதை நம்பவைக்க அண்ணாவுக்கு ஒரு வாரம் பிடித்தது. நம்பிய பிறகும் ஆயா அல்வாவை விடவில்லை.

இரவில் கரண்ட் போகும். அண்ணா ஒன்றாம் நம்பர் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து இரண்டு வயரை இழுத்து எங்கள் டிரான்சிஸ்டரில் மாட்டுவார். நான் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். வேகம் குறைந்தால் பிபிசி தமிழோசை குழறும், கூடினால் கீச்சிடும். அங்கே பேட்டரி விற்கத் தடை, மண்ணெண்ணெய் கிடைப்பது குதிரைக்கொம்பு, அதனால் ஊரெல்லாம் இப்படித்தான் செய்தி கேட்கிறார்கள் என்றார். ஜாம் போத்தலில் கொஞ்சம் பஞ்சு, அது நனைகிற அளவு எண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்தில்தான் படிப்பு. துணி வெளுக்கச் சவுக்காரம் இல்லாத வீடுகளில் பனம்பழம். எனக்கு இதெல்லாம் விளையாட்டாக இருந்தது. ஆயாவிடம் கெஞ்சி ஒரு ஊறுகாய்ப் பாட்டிலைக் காலிசெய்து விளக்குப் பண்ணி, கீற்றில் ஒரு மூலையைக் கருக்கினேன்.

அந்த வீசி, துரைராசா சேர் பற்றிய கதைகள் எல்லாம் இந்தப் பெடல் சுற்றும் நேரத்தில் வந்தவை. அழகையா துரைராஜா என்ற முழுப்பெயர் பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அண்ணா சொன்னது இவ்வளவே: வடமராட்சிக்காரர், பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்தவர், கேம்பிரிட்ஜ் போய் டொக்டர் பட்டம் வாங்கியவர், பேராதனையில் பொறியியல் பேராசிரியர். 1988இல் யாழ்ப்பாணத்துக்குத் துணைவேந்தராக வந்தார். அது யாரும் ஆசைப்பட்டு வாங்குகிற நாற்காலி அல்ல. அதற்கு முந்தைய அக்டோபரில்தான் அந்த வளாகத்து மைதானத்தில் இந்திய கமாண்டோக்கள் இறங்கி, விடிவதற்குள் பலர் செத்திருந்தார்கள்.

"கேம்பிரிட்ஜ்ல என்னா படிச்சாரு?" என்று கேட்டேன்.

"மண்."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ராக்கெட் என்று எதிர்பார்த்தேன். எங்களைச் சுற்றி மண்ணுக்கு என்ன பஞ்சம்? வடக்கே நெய்வேலி சுரங்கம். வெட்டிக் கொட்டிய மேல்மண் மலைமலையாய் நிற்கும், காற்றடித்தால் துவைத்த துணியில் படியும். மேற்கே விருத்தாசலத்தில் வெள்ளைக் களிமண்ணைக் குழைத்துப் பீங்கான் பொம்மை சுட்டுக்கொண்டிருந்தார்கள். கொலுவுக்கு நாங்கள் வாங்கியதெல்லாம் அந்தப் பொம்மைகள்தான்.

அண்ணா மறுநாள் வாய்க்காலிலிருந்து களிமண் எடுத்து வந்தார். கொழகொழவென்று இருந்ததை ஒரு பழைய வேட்டித் துண்டில் கட்டி என்னைப் பிழியச் சொன்னார். தண்ணீர் கசிந்தது, உருண்டை சிறுத்தது, கெட்டியானது. பிறகு அடுப்போரம் வைத்து இறுகிய இன்னொரு உருண்டை. அதை அமுக்கியபோது சிறுக்கவில்லை, ஓரமெல்லாம் வெடித்துப் பிளந்தது. "ஈரம் கூடினது நெரிச்சா ஒடுங்கும். இறுகினது நெரிச்சா பொருமி வெடிக்கும். ரெண்டுக்கும் நடுவில ஒரு நிலை இருக்கு. அதில எவ்வளவு நெரிச்சாலும் கன அளவு மாறாது. மாவு மாதிரி அசைஞ்சுகொண்டே இருக்கும். விளங்குதோ?"

எனக்கு விளங்கவில்லை. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்காமல் சொன்னார்: "பதத்தச் சொல்றாரு."

அண்ணா கொஞ்சநேரம் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது.

மாசி மகத்துக்கு விருத்தாசலம் போனபோது மணிமுத்தாற்று ஈரமணலில் இன்னொன்று காட்டினார். காலை அழுத்தி ஊன்றினால் பாதத்தைச் சுற்றி மணல் சட்டென்று வெளுத்துக் காய்ந்ததுபோல் ஆகும். அழுத்தினால் தண்ணீர் மேலே வரத்தானே வேண்டும், ஏன் உள்ளே போகிறது? நெருங்கிக் கிடந்த மணல் நகர வேண்டுமானால் ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் நகர முடியும், ஏறும்போது நடுவில் இடம் பெருகும், அந்த இடத்தைத் தண்ணீர் ஓடிப்போய் நிரப்பும் என்றார். பழமலைநாதர் கோயில் கூட்டமும் செண்டைமேளமும் மறந்துபோய் ஆற்றில் நான் காலால் குத்திக் குத்தி விளையாடினேன். இன்றும் எந்தக் கடற்கரைக்குப் போனாலும் முதலில் அதைத்தான் செய்கிறேன்.

எல்லாக் கதையும் மண்ணாங்கட்டிக் கதையாக இருக்கவில்லை. ஒருநாள் தமிழோசையில் ஏதோ செய்தி வந்தபோது அண்ணா வயரைப் பிடுங்கினார். அவர்கள் வளாகத்தில் உடற்கூற்றியல் துறைக்குத் தலைவியாக இருந்த ராஜினி திராணகம என்ற டாக்டரம்மாவைப் பற்றி அப்போதுதான் முதலில் கேட்டேன். 1989 செப்டம்பர் 21. சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தவரைச் சுட்டுப்போட்டார்கள். "யாரு சுட்டது?" என்று கேட்டேன். அண்ணா பதில் சொல்லவில்லை. விடுதலைப் புலிகள்தான் என்று ராஜினியின் சகாக்களும் குடும்பத்தாரும் வெளிப்படையாகச் சொல்லிவருவதை வளர்ந்த பிறகு படித்தேன். அவர் சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை' எல்லாத் தரப்பு வன்முறையையும் பெயர் சொல்லிப் பேசிய புத்தகம். துரைராஜாவின் காலத்தில், அவருடைய பல்கலைக்கழகத்தில் நடந்தது இது. அவரைப் பற்றி இன்று எழுதப்படும் நினைவுக் குறிப்புகளில் எளிமை, சைக்கிள், புன்னகை எல்லாம் வரும், இந்தச் சாவு வராது. சைக்கிளில் வந்த இன்னொருவரையும் சேர்த்துச் சொல்லாமல் அவருடைய சைக்கிளை மட்டும் போற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்பா ஒரு தடவை நேராகவே கேட்டார். அவருடைய கேள்விகள் கணக்கு நோட்டுக்காரனின் கேள்விகள்.

"அவருக்குச் சம்பளம் யாரு குடுக்கறது?"

"கொழும்பு அரசாங்கம்."

"ஊரு யாரு கையில?"

"இப்ப இயக்கத்திட்ட."

"அப்ப அவரு யாரு ஆளு?"

அண்ணா பெடலை நிறுத்திவிட்டு யோசித்தார். "அவர் கம்பஸின்ர ஆள், ஐயா."

அப்பா ஒப்புக்கொண்டதுபோல் தெரியவில்லை. எனக்கோ இந்த மூன்று கேள்விகளைவிட அவருடைய உத்தியோகத்தைச் சுருக்கமாக யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. இலங்கையில் துணைவேந்தரை நியமிப்பவர் ஜனாதிபதி. துரைராஜா பதவியேற்றபோது தெருவில் இந்திய ராணுவம் நின்றது. 1990 மார்ச்சில் அது கப்பலேறியது, ஜூனில் போர், அதன்பின் தீபகற்பம் புலிகளின் ஆட்சி, மேலே அரசாங்கத்தின் விமானம். இந்த மூன்று அதிகாரத்துக்கும் பதில் எழுத வேண்டிய ஒரு மேசையில் உட்கார்ந்துகொண்டு அவர் பார்த்த வேலை, பரீட்சை நடத்துவது. வீரக்கதைக்கு உதவாத வேலை. வினாத்தாள் அச்சடிக்கக் காகிதம் வேண்டும், திருத்துகிறவர் ஊரில் இருக்க வேண்டும், மாணவன் உயிரோடு மண்டபத்துக்கு வந்து சேர வேண்டும். அண்ணாவின் இரண்டாம் வருடச் சோதனை (பரீட்சையை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அது நடப்பதற்குள் படகேறியவர் அவர். சிமிழி உடைந்த அரிக்கன் விளக்கின் பக்கத்தில் ஒரு பழைய கணக்கு நோட்டில் சமன்பாடுகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதே நோட்டின் முன்பக்கத்தில் வாடகைக் கணக்கு: நாலாம் நம்பர், ஒன்றரை மணி, 75 காசு.

"சோதனை எழுத எப்பிடியும் போவன்" என்பார். "சேர் நடத்தாமல் விடமாட்டார்."

1991 மே 21 ராத்திரி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். விடிந்ததும் கடைத்தெரு மொத்தமும் மூடிக்கிடந்தது. அண்ணா அன்றைக்கு முகாமில் இருந்தார். பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் வந்தார், உட்காரவில்லை. இனி முகாமை விட்டு வெளியே தங்க முடியாது, வந்துபோகக்கூட அனுமதி வாங்க வேண்டும் என்றார். அதற்குள் எங்கள் கடையில் காற்றடிக்க வந்தவர்கள் இரண்டு மூன்று பேர், "அந்தச் சிலோன்காரன இன்னும் வச்சிருக்கியா?" என்று அப்பாவைக் கேட்டிருந்தார்கள். அப்பா அவரைப் போகச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. கல்லாவில் இருந்த சில்லறையை எல்லாம் எண்ணாமல் அள்ளிக் கொடுத்தார். எதையும் எண்ணாமல் அப்பா கொடுத்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். ஆயா ஒரு படி வறுத்த மல்லாட்டையை மஞ்சள் பையில் கட்டித் தந்தாள். அண்ணா நோட்டிலிருந்து தன் பக்கங்களை மட்டும் அழகாகக் கிழித்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். டைனமோவைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

மறு வருடம் ஜனவரியிலிருந்து அகதிகளைக் கப்பலில் திருகோணமலைக்குத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். அப்பா மனசு கேட்காமல் ஆறாம் நம்பரை எடுத்துக்கொண்டு குறிஞ்சிப்பாடிவரைக்கும் மிதித்துப் போய்வந்தார். அந்தக் குடும்பம் போய்விட்டது என்றார்களாம். கப்பலிலா, வேறு முகாமுக்கா என்று அங்கே யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அதோடு சரி. 1993இல் தென்னாற்காடு மாவட்டத்தைப் பிரித்தார்கள். நாங்கள் கடலூர்க்காரர்கள் ஆனோம். ஊரில் டி.வி.எஸ். 50 பெருகியது, எட்டு சைக்கிள் நாலாகி, ஐந்தாம் நம்பர் பழைய இரும்புக்குப் போனது.

நான் சிவில் படிக்க அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அங்கே முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்த விபுலானந்தர் இலங்கைக்காரர். சிதம்பரத்தில் 1864இல் ஆறுமுக நாவலர் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்றும் இருக்கிறது. அந்த ஊருக்கு இலங்கைப் புலவர்கள் புதியவர்கள் அல்ல. ஆனால் நான் என் ஆளைக் கண்டுபிடித்தது தமிழ் அலமாரியில் அல்ல, மண் இயந்திரவியல் அலமாரியில். மூன்றாம் வருடம், 2000ஆம் ஆண்டு. நூலகத்தில் மின்விசிறி சத்தத்துக்குக் கீழே ஒரு தடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா, 1963, 'ஜியோடெக்னிக்'. மூன்றாவது பெயரில் விரல் நின்றது. அதற்குக் கொஞ்சம் கீழே அதே பெயர் தனியாக, கேம்பிரிட்ஜ் ஆய்வேடு, 1961. தலைப்பில் இரண்டு பொருள்கள்: கயோலின், மணல்.

கயோலின் என்றால் விருத்தாசலத்துப் பொம்மைக் களிமண்தான்.

அன்றைக்கு மதியம் சாப்பிடப் போகவில்லை. களிமண்ணையும் மணலையும் நெரித்துப் பார்த்தபோது, நெரிக்கச் செலவழிந்த வேலையில் எவ்வளவு உராய்வில் கரைகிறது என்று துரைராஜா கணக்குப் போட்டார். கன அளவு மாற்றத்தின் பங்கைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருப்பது எளிய, ஒரே மாதிரியான கணக்கு என்று கண்டார். அதன் மேல் எழுப்பியதுதான் 'கேம் களிமண்' என்று பொறியாளர்கள் சொல்லும் மாதிரி. கேம்பிரிட்ஜில் ஓடும் கேம் ஆற்றின் பெயர் அது. எந்த ஆற்றங்கரையிலும் வெட்டி எடுக்க முடியாத, காகிதத்தில் மட்டுமே இருக்கும் மண். ஆனால் களிமண் மேல் கரை போடுகிறவர்களும் பள்ளம் தோண்டுகிறவர்களும் உலகம் முழுக்க அதன் வழிவந்த கணக்கைத்தான் இன்றும் கணினியில் ஓட்டுகிறார்கள். நானும் அதைவைத்துச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். அந்த 1963 கட்டுரையின் தலைப்பே, நடுநிலையைவிட ஈரம் கூடிய களி எப்போது நெகிழ்ந்துகொடுக்கிறது என்பதைப் பற்றியது. வேட்டித் துண்டில் நான் பிழிந்த முதல் உருண்டை.

மற்றவற்றைத் தேடிப் படித்தேன். 1994 ஜூனில் அவர் இறந்திருந்தார். அறுபது வயது நிறையவில்லை, துணைவேந்தராக இருந்த காலம் முடிந்த வருடமும் அதுதான். அடுத்த ஆண்டு அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணம் ஒரே இரவில் காலியானதை அவர் பார்க்கவில்லை. வடக்குக்கு ஒரு பொறியியல் பீடம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தவர். போரெல்லாம் முடிந்து, கிளிநொச்சி அறிவியல்நகரில் அது வந்தபோது அவர் போய் இருபது வருடம் ஆகியிருந்தது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். எண்பது வயதாகிறது, காது மந்தம். பல்கலைக்கழகக் கட்டடத்து முன்னால் எடுத்த துரைராஜாவின் படம் ஒன்றை போனில் பெரிதுபண்ணிக் காட்டினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அப்ப சைக்கிள்ல போனது நெசந்தானா?"

"நெசந்தாம்பா."

எழுந்துபோய் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு துணி மூட்டையைத் தேடி எடுத்தார். டைனமோ. துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைத்திருந்தார் என்பது எனக்கே தெரியாது. உருளையைக் கட்டைவிரலால் உருட்டினார், சுற்றியது.

"அந்தத் தம்பி சோதன எழுதுச்சாமா?" என்று கேட்டார்.

தெரியலப்பா என்றேன். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதைத் துணியில் வைத்துக் கட்டினார்.